கருத் தானமும் பிள்ளையின் உரிமையும்

கருப்பைக்கு வெளியே கருவை உண்டாக்கும் சிகிச்சையில் ஒரே முயற்சியில் பல கருக்கள் உருவாவதும், அவற்றுள் ஒன்றிரண்டைத் தாயின் வயிற்றில் வைத்துவிட்டு எஞ்சியவற்றைத் திரவ நைட்ரஜனில், உறைநிலைக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில் வைத்துக் காப்பதும் வழக்கம். 1984-இல் மெல்போர்ன் நகரில் உறைகருவிலிருந்து முதற் குழந்தை பிறந்த நாள்தொட்டு, தங்கள் குடும்பம் நிறைந்துவிட்டதெனக் கருதும் பெற்றோர் மிஞ்சிய கருக்களை என்ன செய்வது என்ற கேள்வி பெருகியே வந்திருக்கிறது. அழிய விடலாம், ஆராய்ச்சிக்கு அளிக்கலாம், சந்தான பாக்கியம் இல்லாத வேறொரு தம்பதிக்குத் தானமாகவும் வழங்கலாம்.

இம்மூன்றாவது வழியின் மேன்மையை நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கணவனிடத்தும் மனைவியிடத்தும் ஒருங்கே குறையிருக்கும் இல்லத்தில், தன் உதிரத்தால் ஒரு சிசுவை வளர்த்து, பெற்று, பாலூட்டும் அனுபவத்தை அப்பெண்ணுக்கு இது அளிக்கிறது. அதற்காகப் புதிதாக வேறொரு பெண் ஹார்மோன் ஊசிகளுக்கும் முட்டை எடுக்கும் சிகிச்சைக்கும் தன் உடலை உட்படுத்த வேண்டியதில்லை. காலமும் இதற்குப் பெருந்தடை அன்று: 1992-இல் உறைய வைக்கப்பட்ட கருக்கள், முப்பது ஆண்டுகள் கழித்து, 2022-இல் அமெரிக்காவில் இரட்டைக் குழந்தைகளாய்ப் பிறந்தன. எனினும் ஒவ்வொரு கருவும் குழந்தையாவதில்லை என்பதையும், பிறர் முட்டையால் உண்டாகும் கர்ப்பத்தில் இரத்த அழுத்தக் கோளாறுகள் மிகுதி என்பதையும் தம்பதிகளிடம் மறைப்பது அதர்மம்.

ஆனால் இம்முறையின் மெய்யான சோதனை மருத்துவத்தில் இல்லை. விந்தையோ முட்டையையோ மட்டும் தானம் செய்யும்போது பிறக்கும் பிள்ளை, கொடுத்தவருடைய பிள்ளைகளுக்குப் பாதி உறவே. கருத் தானத்திலோ, ஒரே தாய் தந்தையருக்கு உருவான உடன்பிறப்புகள் வெவ்வேறு இல்லங்களில், ஒருவரையொருவர் அறியாமலே வளரக்கூடும். பெற்றவர் நிம்மதியையும் கொடுத்தவர் நிம்மதியையும் கருதி இதனை இரகசியமாக்குவது மனித சுபாவத்துக்கு எளிது. அந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிடாத ஒரே ஜீவன், அதன் முழுப் பலனையும் அனுபவிக்கப் போகும் பிள்ளையே. இதனை உணர்ந்துதான் பிரிட்டனில், 2005 ஏப்ரல் 1-க்குப் பின் தானம் செய்ய முன்வந்தவர்களின் அடையாளத்தை, பதினெட்டு வயதான பிள்ளை கேட்டுப் பெறலாம் என்று விதித்தார்கள். நியூசிலாந்து இன்னும் ஒருபடி மேலே சென்றது: அங்கே நெறிமுறைக் குழுவின் சம்மதம் இன்றி எந்தக் கருவும் கைமாறுவதில்லை; இரு தரப்பாருக்கும் ஆலோசனை அளிக்கப்படுகிறது; முழு உடன்பிறப்புகள் இரண்டு குடும்பங்களுக்கு மேல் பரவ வழியில்லை. இவ்வளவு நிதானமே இக்காரியத்துக்குத் தகுந்த வேகம் என்பது என் அபிப்பிராயம்.

நம் இந்தியாவில் இத்தகைய சிகிச்சைகளை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியை மேற்கொண்டது. பயன்படாத கருக்களை அதே தம்பதிக்காகவே காக்க வேண்டும், பிறருக்குப் பயன்படுத்தலாகாது என்றும், பத்தாண்டுகளுக்குப் பின் அழிய விடலாம் அல்லது இசைவோடு ஆராய்ச்சிக்குத் தரலாம் என்றும் அது கூறுகிறது. வியாபாரம் குறித்த அச்சம் இதன் பின்னே இருப்பின், அது வீண் அச்சமன்று. 2022-இல் ஈரோட்டில், போலி ஆதார் அட்டையைக் காட்டிப் பதினாறு வயதுச் சிறுமியின் முட்டைகள் விற்கப்பட்ட கொடுமையை நாம் மறந்துவிடவில்லை. ஆயினும் அந்தக் கொடுமை, புதிய முட்டைகளைத் தேடிய பேராசையால் விளைந்தது. ஒரு தம்பதி தம் சிகிச்சைக்கென உண்டாக்கி, மிஞ்சியதை விலையின்றி அளிக்கும் தானத்தை அதே தராசில் நிறுத்துவது நியாயமாகாது. பிள்ளை வளர்ந்தபின் பார்க்கத்தக்க அரசுப் பதிவேடு, இரு குடும்ப வரம்பு, பணம் கைமாறினால் கடுந்தண்டனை ஆகிய மூன்றையும் நிபந்தனைகளாக்கி, இந்த வழியைத் திறந்துவிடப் பாராளுமன்றம் முன்வர வேண்டும். அந்தப் பதிவேடு இல்லாமல் திறப்பதாயின், திறக்காமலே இருப்பது மேல்.