எண் இருக்கிறது, இடம் எங்கே?

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் ஊர் என்பது ஒரே இடத்தில் குவிந்த வீடுகளின் தொகுதியன்று. ஊருக்கு வெளியே, அவரவர் நிலத்தில், கிணற்றுக்கு அருகே கொட்டாய் போட்டுக் குடியிருப்போர் இங்கு ஏராளம். அவ்வீடுகளுக்குத் தெருப் பெயர் கிடையாது. கதவு எண் இருந்தாலும் அதைக்கொண்டு வழி கண்டுபிடிக்க முடியாது. "மேட்டுக்காட்டுக் கொட்டாய்" என்றால் உள்ளூர்க்காரருக்குப் போதும்.

அத்தகைய கொட்டாய் ஒன்றில் நள்ளிரவில் தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். வீட்டிலுள்ள சிறுவன் 108ஐ அழைக்கிறான். அழைப்பை எடுப்பவர் ஏறத்தாழ 340 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருக்கிறார். "எந்த இடம்?" என்று கேட்கிறார். சிறுவன் ஊர்ப் பெயரைச் சொல்கிறான். ஆனால் புதூர் என்றும் மேட்டுப்பட்டி என்றும் பெயர் கொண்ட ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனை!

இடத்தைச் சொல்லும் பொறுப்பு யாருடையது? பதறி நிற்கும் சிறுவனுடையதா, அறிவியல் கருவிகளைக் கையில் வைத்திருக்கும் அமைப்பினுடையதா? நம் அவசர அழைப்புப் பணியை மதிப்பிட இதுவே தக்க அளவுகோல்.

வந்த வழி

அவசரத்துக்கென்று தனி எண் முதன்முதலில் வந்தது லண்டனில். 1935 நவம்பரில் அங்கு விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் இறந்தனர். தீயணைப்புப் படையை அழைக்க முயன்ற அண்டை வீட்டுக்காரரின் அழைப்பு தொலைபேசி நிலையத்தில் மற்ற அழைப்புகளோடு வரிசையில் காத்துக் கிடந்தது. அதன் விளைவாக 1937 ஜூன் 30 அன்று 999 என்ற எண் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் 911, 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில் என்னும் சிற்றூரில் தொடங்கியது.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் பணி 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதற்கு முன்பு விபத்தில் சிக்கியவரை வாடகைக் கார் பிடித்தோ, லாரியில் ஏற்றியோ கொண்டுபோன நிலையை நினைத்துப் பார்த்தால், இப்பணியின் அருமை விளங்கும். அதைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பின்னர், காவல், தீயணைப்பு, மருத்துவம் அனைத்துக்கும் 112 என்ற ஒரே எண் போதும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015 ஏப்ரலில் பரிந்துரைத்தது. 2019 பிப்ரவரியில் அது தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் தொடங்கப்பட்டது. எண்ணுக்குக் குறைவில்லை. இனி இடத்துக்கு வருவோம்.

கோபுரம் சொல்வதும் சொல்லாததும்

112 திட்டத்தில், அழைப்பவரின் இருப்பிடத்தைத் தொலைபேசி நிறுவனங்களிடமிருந்து பெறும் ஏற்பாடு சேர்க்கப்பட்டுள்ளது. ஆனால் கோபுரத்தை மட்டும் நம்பிக் கணித்த இருப்பிடம் எவ்வளவு துல்லியமானது?

இரண்டாம் தலைமுறைக் கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். கோபுரத்திலிருந்து கைப்பேசிக்கு அலை போய் வரும் நேரத்தைக்கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. இந்நேரத்தை அளக்கும் அலகு 3.69 மைக்ரோ நொடி. ஒரு மைக்ரோ நொடியில் வானொலி அலை 300 மீட்டர் செல்லும். ஆகவே ஓர் அலகில் அது கடப்பது ஏறத்தாழ 1,100 மீட்டர். போக, வர என்பதால் அதில் பாதி, 550 மீட்டர். இதைவிட நுட்பமாக அந்தக் கோபுரத்தால் தூரத்தைச் சொல்ல முடியாது. திசையும் தெளிவாகத் தெரியாது. பொதுவாகக் கோபுரத்தின் ஒவ்வோர் அலைவாங்கியும் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கவனிக்கும். கோபுரம் 5 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், தேட வேண்டிய பகுதி பத்தரைக் கிலோமீட்டர் நீளமும் அரைக் கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த அகலமும் கொண்ட ஒரு வளைவு! கோபுரங்கள் நெருங்கி நிற்கும் நகரத்தில் இவ்வளைவு சிறியது. அவை விலகி நிற்கும் நாட்டுப்புறத்திலோ பெரியது. யாருக்கு உதவி தூரத்திலிருந்து வர வேண்டியிருக்கிறதோ, அவருடைய இருப்பிடமே தெளிவின்றித் தெரிகிறது.

செயற்கைக்கோள் வழி இடங்காணும் ஜி.பி.எஸ். முறை திறந்தவெளியில் சில மீட்டர் பிசகுடன் இடத்தைச் சொல்லிவிடும். அவசர எண்ணை அழுத்தியவுடன் கைப்பேசி தானாகவே அக்கருவியை இயக்கி, இடத்தைக் கட்டுப்பாட்டு அறைக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் முறை பிரிட்டனில் 2014இல் சோதிக்கப்பட்டது. 2016இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இவ்வசதி சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் திறன்பேசிகளுக்கு 2022 மார்ச் முதல் இது கட்டாயம். இந்தியாவில் உத்தரப் பிரதேசம் 2025 டிசம்பரில் இதைத் தன் 112 பணியுடன் இணைத்தது. கட்டுவிரியன் நடமாடும் காடுகரைகளுக்கு இது எப்போது வரும்?

இடங்காட்டும் செயலிகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். செயலியை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். இணைய இணைப்பு வேண்டும். பதற்றத்தில் அது நினைவுக்கு வரவேண்டும். அழைப்பவரிடம் இத்தனை எதிர்பார்க்கும் கருவியை அவசரக் கருவி என்று சொல்ல முடியுமா?

பணம் எங்கே போகிறது?

108 போன்ற பணிகளின் நடப்புச் செலவுக்கு மைய அரசு, தேசிய ஊரக நலவாழ்வுத் திட்டத்தின் கீழ் முதல் ஆண்டு 60 விழுக்காடு, இரண்டாம் ஆண்டு 40, அதன்பின் 20 என இறங்குமுகமாக உதவுவதென ஏற்பாடு செய்தது. பணி வளர வளரச் சுமை மாநிலத்தின் தோளுக்கு மாறியது. 112 திட்டத்துக்கு நிர்பயா நிதியிலிருந்து 321.69 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. நிதி இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் புதிய வண்டிகளைக் கொடியசைத்து அனுப்பலாம், படம் எடுக்கலாம். ஊர்ப் பெயர்ப் பட்டியலைத் திருத்துவதற்கும் கொட்டாய்களை வரைபடத்தில் குறிப்பதற்கும் விழா எடுக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத பணிக்குத் தனி ஒதுக்கீடு இல்லையேல் அது எப்போதும் பின்தங்கும்.

அமெரிக்காவில் தொலைபேசிக் கட்டணத்தோடு 911க்கென ஒரு சிறு தொகை வசூலாகிறது. அங்கும் சில மாநிலங்கள் அதை வேறு செலவுக்குத் திருப்பியதுண்டு. எனவே 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, அத்தொகை எவ்வாறு செலவிடப்பட்டது என்ற அறிக்கை ஆண்டுதோறும் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. நாம் பின்பற்ற வேண்டியது வசூலையன்று, அந்தக் கணக்கு காட்டும் வழக்கத்தை.

சட்டத்தின் இடைவெளி

விபத்தில் சிக்கியவருக்கு எந்த மருத்துவரும் உடனடிச் சிகிச்சை மறுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் கூறியது. உதவுபவரைத் துன்புறுத்தலாகாது என்ற நெறிமுறைகளை 2016இல் உறுதி செய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் அப்பாதுகாப்பை அளித்தது. ஆக, அழைப்பவருக்கும் மருத்துவமனைக்கும் சட்டம் உண்டு. இரண்டையும் இணைக்கும் அழைப்புக்கோ?

2016 ஏப்ரலில் ஒரு விதி வந்தது. 2017 முதல் எல்லாக் கைப்பேசிகளிலும் அபாயப் பொத்தான் வேண்டும். 2018 முதல் ஜி.பி.எஸ். வேண்டும் என்பது அவ்விதி. நல்ல நோக்கந்தான். ஆனால் கருவி இடத்தை அறிவது வேறு, அந்த அறிவு கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேர்வது வேறு. விதி முன்னதைப் பற்றிக்கொண்டு பின்னதைக் கோட்டைவிட்டது. குஜராத் 2007இலேயே அவசர மருத்துவப் பணிக்கெனச் சட்டம் இயற்றியது. நமக்கும் ஒரு சட்டம் வேண்டும். அழைப்பை எத்தனை நொடிக்குள் எடுப்பது, இடத்தை எத்தனை மீட்டர் துல்லியத்தில் பெறுவது, பெற்ற இருப்பிடத்தை வேறெதற்கும் பயன்படுத்தாமல் எப்போது அழிப்பது என்பவற்றை அது வரையறுக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

பொத்தான் கைப்பேசி வைத்திருக்கும் முதியவர்களுக்குத் திறன்பேசி வசதிகள் உதவா. அவர்களுக்காக ஊராட்சி தோறும் வளவு, கொட்டாய்ப் பெயர்களைத் தொகுத்துக் கட்டுப்பாட்டு அறைக்குத் தருவது தேவை. இப்பணியைப் பள்ளி மாணவர்களே ஒரு விடுமுறையில் செய்து முடிக்கலாம். நெடுஞ்சாலையில் செல்வோர் கடைசியாகக் கண்ட கிலோமீட்டர்க் கல்லை நினைவில் வைக்கலாம். இன்னொன்று: 112 என்பதைக் கைப்பேசியே அவசர எண்ணாக அறியும், தன் நிறுவனத்தின் அலை கிடைக்காவிட்டால் பிற நிறுவனத்தின் கோபுரத்தை நாடும். 108ஐ அவ்வாறு அறிவது, வலையமைப்பு அதற்கு முன்பே தெரிவித்திருந்தால்தான். அலை குன்றும் கொல்லிமலை வளைவுகளில் இந்த வேறுபாடு உயிர் காக்கக்கூடும்.

இவையெல்லாம் இடைக்கால உதவிகளே. கடிபட்டவரின் அருகில் நிற்கும் சிறுவன் வழி சொல்லத் தடுமாறினாலும் வண்டி அந்தக் கொட்டாய்க்குத் தானே வந்து சேரும் நாளில்தான் அவசர எண் தன் பணியை முழுமையாகச் செய்வதாகச் சொல்லலாம்.