மோதினால் யார் பொறுப்பு?

1999 பிப்ரவரி, கொல்கத்தா ஈடன் கார்டன். ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப்பில் பாகிஸ்தான் வைத்த இலக்கு 279. மூன்றாவது ரன்னுக்கு ஓடிவந்த சச்சின், ஸ்டம்ப் அருகே பந்தை எதிர்பார்த்து நின்ற ஷோயப் அக்தர்மீது மோதினார். மாற்று ஆட்டக்காரர் நதீம் கானின் எறி நேராக ஸ்டம்பைத் தாக்கியபோது சச்சின் கிரீஸுக்குள் இல்லை. மூன்றாவது அம்பயர் கே.டி. பிரான்சிஸ் அவுட் கொடுத்தார். அரங்கம் கொந்தளித்தது, கடைசி நாளில் ரசிகர்களை வெளியேற்றிவிட்டுத்தான் ஆட்டத்தை முடித்தார்கள்.

ரசிகர்கள் பாட்டில் எறிந்தது வெட்கக்கேடு. பிரான்சிஸ்மீதும் தவறில்லை. விதி அப்படி. பீல்டர் வேண்டுமென்றே மறித்தால் மட்டுமே பேட்ஸ்மேனுக்குப் பாதுகாப்பு; தற்செயலாக மோதினால் நட்டம் ஓடுபவருக்கே. இதில் ஒரு தெளிவு உண்டு: அம்பயர் கோட்டைப் பார்த்தால் போதும். சாமர்த்தியமாகப் போய் மோதித் தப்பவும் வழியில்லை. ஆனால் ‘வேண்டுமென்றே’ என்பதை எந்தக் கேமரா காட்டும்?

கூடைப்பந்து இதைவிட நேர்மையாக யோசித்திருக்கிறது. அங்கே சாதாரண ஃபவுலுக்கு உள்நோக்கம் தேவையில்லை. அந்த இடத்தை முதலில் பிடித்தவர் யார், பந்தில்லாமல் ஓடிவருபவர் நிற்கவோ விலகவோ இடைவெளி இருந்ததா என்றுதான் ரெஃப்ரி பார்க்கிறார். இடைவெளி தராமல் குறுக்கே வந்தால் தடுத்தவர்மீது ஃபவுல். நின்றவர்மீது போய் இடித்தால் இடித்தவர்மீது. இரண்டும் கண்ணால் காணக்கூடியவை.

கிரிக்கெட்டோ இந்தச் சுமையை எதிரணிக் கேப்டனின் பெருந்தன்மையில் ஏற்றிவிட்டது. அப்பீலை அவர் திரும்பப் பெறலாம். 1980 மும்பை டெஸ்டில் விஸ்வநாத் பாப் டெய்லரைத் திரும்ப அழைத்தார். 2011 டிரெண்ட் பிரிட்ஜில் தோனி இயான் பெல்லை அழைத்தார். இரண்டு ஆட்டங்களிலும் இந்தியா தோற்றது. கொல்கத்தாவில் பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரம் அப்படிச் செய்யவில்லை என்று இன்றும் குறைபடுகிறார்கள். நெருக்கடியான டெஸ்டில் ஒரு கேப்டன் தியாகம் செய்தால்தான் நியாயம் கிடைக்குமென்றால், குறை கேப்டனிடம் இல்லை.

கிரீஸைத் தொட்டபின் ஓட்ட வேகத்தில் மட்டை துள்ளினால் அவுட் இல்லை என்று 2017இல் திருத்தினார்கள். நல்லது. கிரீஸை எட்டுமுன்னே தற்செயலாக இடிபடுபவருக்கு இன்னும் எதுவுமில்லை. பந்து கையில் இல்லாத பீல்டர் இடைவெளி தராமல் ஓட்டப்பாதைக்குள் வந்து மோதல் நேர்ந்தால் ‘டெட் பால்’ என்று அறிவிக்கட்டும். ரன்னும் வேண்டாம், விக்கெட்டும் வேண்டாம். பீல்டர் முன்பே அங்கு நின்றிருந்தால் அவுட் நிலைக்கட்டும். அந்த அளவுகோலிலும் சச்சின் அவுட்டாகியிருக்கலாம். ஆனால் ஷோயபின் மனதில் என்ன இருந்தது என்று எவரும் ஊகிக்க வேண்டியிருந்திருக்காது. அவர் எப்போது அங்கு வந்து நின்றார் என்பதை ரீப்ளேயில் பார்த்திருக்கலாம்.