சொல்லே இல்லாத இசை: கேட்டவர் அழுதது எதற்காக?

பாடல் வரி இல்லாத ஓர் இசையைப் போட்டுக்காட்டி, "கேட்டதைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பில் பாதிப் பேர் ஒரே வாக்கியத்தோடு வந்து நிற்பார்கள்: "இந்த இசை என் மனத்தை உருக்கியது." மீதிப் பேர் "மனத்தை வருடியது" என்று எழுதுவார்கள். இரண்டுமே தவறில்லை. ஆனால் எதைக் கேட்டு உருகினாய், எந்த இடத்தில் உருகினாய் என்று கேட்டால் பதில் வராது. மாணவர் மட்டும் அல்ல, இசையைப் பற்றி எழுதும் பெரியவர்களும் பலநேரம் இப்படித்தான். கேட்டதை விட்டுவிட்டுத் தெரிந்த கதையை எழுதுவார்கள்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. வில்லியம் பசின்ஸ்கி என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் 'தி டிஸின்டிகிரேஷன் லூப்ஸ்'. தமிழில் 'சிதையும் வளையங்கள்' என்று சொல்லலாம். 2002, 2003 ஆண்டுகளில் நான்கு இசைத்தட்டுகளாக வெளிவந்தது. அதில் முதல் பகுதி மட்டும் 63 நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். கேட்டவர்கள் எத்தனையோ பேர் அதைக் கேட்டு அழுததாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் இங்கே பேச வருவது அந்த அழுகையைப் பற்றித்தான்.

முதலில் காதில் விழுவதை மட்டும் சொல்கிறேன். ஊதுகொம்பு போன்ற ஒரு மெல்லிய ஒலி. சில விநாடிகளே நீளும் ஒரு சிறிய மெட்டு. மெதுவாக வருகிறது, முடிகிறது, மறுபடியும் அதே மெட்டு. தாளம் கிடையாது, குரல் கிடையாது. ஐந்து நிமிடம் போனாலும் அதேதான். "என்ன சார் இது, மாட்டிக்கிச்சா?" என்று பின்வரிசையில் யாராவது கேட்பார்கள். பிறகு மெட்டின் நடுவே சின்னச் சின்ன விரிசல் கேட்கத் தொடங்குகிறது. ஒரு சுரம் முழுசாக வராமல் பாதியில் மங்குகிறது. அடுத்த சுற்றில் அந்த இடத்தில் ஓர் இடைவெளி. இடைவெளிகள் மெல்லப் பெருகுகின்றன. எந்தச் சுற்றில் எது போனது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. கடைசி நிமிடங்களில் மெட்டு என்று சொல்ல எதுவும் இல்லை. ஒரு மங்கிய முனகல், ஒரு வெடிப்பு, நடுவில் வெறுமை. ஆனாலும் நம் காது பழக்கத்தால் அந்த மெட்டை இட்டு நிரப்பிக்கொண்டே இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இல்லாததைக் கேட்கிறோம்.

இது எப்படி உண்டானது என்பதும் சுவையானது. காந்த ஒலிநாடா என்பது பிளாஸ்டிக் பட்டையின்மேல் இரும்பு ஆக்சைடு துகள்களைப் பசையோடு பூசியது. நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினால் அதில் பதிந்த ஒலி முடிவில்லாமல் சுற்றும். பசின்ஸ்கி 1980களின் தொடக்கத்தில் வானொலியில் ஒலித்த மெல்லிசைத் துணுக்குகளைப் பிடித்து இப்படிப் பல வளையங்கள் செய்து வைத்திருந்தார். ஏறக்குறைய 20 ஆண்டு கழித்து, 2001-இல், அவை கெட்டுப்போவதற்குள் கணினி வடிவத்துக்கு மாற்றலாம் என்று ஓடவிட்டார். பசை பழசாகிவிட்டதால், நாடா கருவியின் முனையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் துகள்கள் உதிர்ந்தன. துகள் உதிர்ந்தால் அங்கே பதிந்திருந்த ஒலியும் போச்சு. அவர் நிறுத்தவில்லை. உதிர்வதை அப்படியே பதிவு செய்தார். காப்பாற்றப்போன வேலையே அதை அழித்தது. அழிந்ததுதான் இசையாக நமக்குக் கிடைத்தது.

அடுத்துதான் எல்லாருக்கும் தெரிந்த கதை. 2001 செப்டம்பர் 11. நியூயார்க் இரட்டைக் கோபுரத்தின் முதல் கட்டடத்தில் விமானம் மோதியபோது அங்கே காலை 8.46, நம் ஊரில் இரவு 8.46. என் வயது ஆசிரியர்களில் பலர் அதை வரவேற்பறைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள். பசின்ஸ்கி புருக்ளினில் தம் கட்டட மொட்டை மாடியிலிருந்து பார்த்தார். அன்று மாலை வெளிச்சம் மங்கும் கடைசி ஒரு மணி நேரத்தை, புகை எழும் மன்ஹாட்டனை, அங்கிருந்தே படம் பிடித்தார். அந்தப் படத்தோடு இந்த 63 நிமிட இசையைச் சேர்த்தார். அதிலிருந்து எடுத்த காட்சிகளே இசைத்தட்டுகளின் அட்டைப்படங்கள். இறந்தவர்களுக்கு இந்தப் படைப்பைக் காணிக்கையாக்கினார்.

அன்றுமுதல் இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் புகையைக் கேட்கிறார்கள். கோபுரம் சரிவதைக் கேட்கிறார்கள். அமெரிக்க இசை விமர்சன இதழான பிட்ச்ஃபோர்க், 2012-இல் வந்த மறுவெளியீட்டுக்கு 10-க்கு 10 கொடுத்தது. (முழு மதிப்பெண் போட நம் தேர்வாளர்களுக்குக் கை வராது என்பது வேறு விஷயம்.) ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. மெட்டு பதிவானது 1980களில். நாடா உதிர்ந்தது தாக்குதலுக்கு முன்பு. அந்த ஒலிக்குள் செப்டம்பர் 11 இல்லை, இருக்கவும் முடியாது.

அப்படியானால் கேட்டவர்களின் கண்ணீர் பொய்யா? இந்தக் கேள்விக்குத் தொல்காப்பியம் ஒரு கருவி தருகிறது. மெய்ப்பாட்டியலில் அழுகை என்ற மெய்ப்பாடு பிறக்க நான்கு காரணங்கள் சொல்லப்படுகின்றன: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு என்றால் உற்றாரையோ உரியதையோ இழப்பது. பேச்சுவழக்கில் 'இழவு வீடு' என்கிறோமே, அந்தச் சொல்தான். அசைவு வேறு. உரையாசிரியர்கள் அதைத் தளர்ச்சி என்றும், முன்பிருந்த நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துவது என்றும் விளக்குகிறார்கள். இழவில் ஒன்று போய்விட்டது. அசைவில் அது இன்னும் இருக்கிறது, ஆனால் பழையபடி இல்லை.

பசின்ஸ்கியின் ஒலியில் இருப்பது அசைவு. கதை கொண்டுவந்து சேர்ப்பது இழவு. இரண்டும் அழுகைதான் என்பதால் கேட்பவர் பிரித்துப் பார்ப்பதில்லை. கோபுரங்கள் 102 நிமிடத்துக்குள் இரண்டும் விழுந்துவிட்டன. அது திடீர் அடி. இந்த இசையிலோ திடீர் என்பதே கிடையாது. ஒரு மெட்டு தன் நிலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது. ஆகவே கதை தெரியாமல் கேட்டு, வயதாகித் தளரும் பாட்டியை நினைத்துக்கொள்ளும் மாணவியின் எதிர்வினை, புகைக் காட்சியை எண்ணி அழும் விமர்சகரின் எதிர்வினையைவிட ஒலிக்கு நெருக்கமானது என்பேன். இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள். அட்டைப்படமும் காணிக்கையும் படைப்பாளரே வைத்தவை, அவற்றை ஒதுக்க நமக்கு என்ன உரிமை என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அவை இசைத்தட்டின் பகுதி, ஒதுக்கவே கூடாது. ஆனால் "அட்டையைப் பார்த்துக் கலங்கினேன்" என்பதும் "கேட்டுக் கலங்கினேன்" என்பதும் இரண்டு வாக்கியங்கள். ஒன்றை எழுதிவிட்டு மற்றதற்கு மதிப்பெண் கேட்க முடியாது.

கதை இல்லாவிட்டால் இதை யார் கேட்டிருப்பார்கள், எல்லாம் விளம்பரம் என்று சொல்பவர்களும் உண்டு. அது மலிவான பேச்சு. 2011-இல், தாக்குதலின் பத்தாம் ஆண்டு நினைவு நாளில், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு வாத்தியக்குழு இதை நேரடியாக வாசித்தது. மாக்ஸிம் மோஸ்டன் அதற்கு இசைக்குறிப்பு எழுதினார். அங்கே உதிர நாடா இல்லை, துகள் இல்லை. மனிதர்கள் தம் வாத்தியங்களால் அந்தத் தளர்ச்சியை வாசித்துக் காட்டினார்கள். உதிர்வதன் வடிவத்தைச் சுரமாக எழுதி வைக்க முடிந்தது என்றால், கதைக்கு வெளியேயும் இசையில் ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள்? வாசித்த நாளும் இடமும் கதையைச் சுமந்தவைதான், அதனால் இதைச் சுத்தமான சான்று என்று சொல்லமாட்டேன்.

மாணவர்களில் சிலர் இதே வகையில் இன்னொன்றைக் கேட்டிருக்கலாம். 'தி கேர்டேக்கர்' என்ற பெயரில் லேலண்ட் கெர்பி 2016 முதல் 2019 வரை ஆறு கட்டங்களாக வெளியிட்ட 'எவ்ரிவேர் அட் தி எண்ட் ஆஃப் டைம்'. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும். மறதிநோய் முற்றுவதைப் பழைய நடன இசைத்தட்டுகளைச் சிதைத்துக் காட்டுகிறது. 2020-இல் டிக்டாக்கில் "முழுசாகக் கேட்க முடியுமா?" என்று ஒரு சவாலாகவே பரவியது. அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நோயாளிக்கு என்ன ஆகிறது என்ற குறிப்பு முன்கூட்டியே இருக்கிறது. கேட்பவர் எதை உணர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் இசை தொடங்குகிறது. எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றுகிறது. பசின்ஸ்கியின் நாடா தானாக உதிர்ந்தது. இங்கே உதிர்ப்பு திட்டமிட்டது. இரண்டையும் ஒப்பிட்டு எழுதச் சொல்வது ஆறாம் படிவ மாணவர்களுக்கு நல்ல பயிற்சி.

வகுப்பில் எப்படிப் போடுவது? 63 நிமிடம் ஒரு பாடவேளைக்குள் அடங்காது. முதல் மூன்று நிமிடம், கடைசி மூன்று நிமிடம் என்று வெட்டிப் போடலாம் என்று தோன்றும். வேண்டாம். அப்படிப் போட்டால் வேறுபாடு தெரியும், தளர்ச்சி தெரியாது. நடுப்பகுதியில் 15 நிமிடத்தைத் தொடர்ந்து போடுங்கள். தலைப்பையும் கதையையும் சொல்லாதீர்கள். கேட்கும்போதே ஓரத்தில் நிமிடத்தைக் குறித்து, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். கதையைப் பிறகு சொல்லி, அதே தாளில் வேறு நிற மையில் தொடரச் சொல்லுங்கள். எது காதிலிருந்து வந்தது, எது கதையிலிருந்து வந்தது என்று மை காட்டிக்கொடுத்துவிடும்.

எழுதும் முறைக்கு ஒரு மாதிரி. "இந்தச் சோகமான இசை என் உள்ளத்தைத் தொட்டது" என்பதற்குப் பதிலாக, "ஒன்பதாவது நிமிடத்தில் மெட்டின் கடைசிச் சுரம் வரவில்லை, அடுத்த சுற்றில் வரும் என்று காத்திருந்தேன், அப்போதும் வரவில்லை" என்று எழுதினால் போதும். சோகம் என்ற சொல்லே இல்லை, ஆனால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். மெய்ப்பாடு என்பதே மெய்யில் படுவதுதானே. உள்ளம் உருகியது என்பதை யாரும் பார்க்க முடியாது. காத்திருந்ததைப் பார்க்க முடியும்.

ஒருவர் "போரடித்தது" என்று மட்டும் எழுதி நீட்டினால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஒரே மெட்டைக் கால் மணி நேரம் கேட்டவருக்குச் சலிப்பது இயல்பு, அதுவும் உண்மையான எதிர்வினைதான். எந்த நிமிடத்தில் சலிப்புத் தொடங்கியது, அப்போது மெட்டில் எது மிச்சம் இருந்தது என்று கேட்டு, பக்கத்தில் எழுத வையுங்கள்.