இரும்புக் குண்டும் கைப்பிடியும்: ஒரு மதிப்பீடு

உடற்பயிற்சிக் கருவிகள் விற்கும் கடைகளில் கெட்டில்பெல் என்னும் கருவி இன்று தவறாமல் இடம் பெறுகிறது. உருண்டையான ஒரு குண்டு. அதன் தலையில் வளைந்த, தடித்த கைப்பிடி. பார்வைக்கு இவ்வளவுதான். பயிற்சிக்கூடத்துக்குப் பணம் கட்ட இயலாத மாணவர்களும், நேரம் கிடைக்காத அலுவலர்களும் இதனை வாங்கி வீட்டு மூலையில் வைத்துக்கொள்கின்றனர். வாங்குவோர் கேட்கும் கேள்வி ஒன்றே: "எத்தனை கிலோ?" விற்போர் கூறும் விளக்கமும் அதுவே. நீளத்தை மட்டும் கூறிக் கத்தியை விற்பது எவ்வளவு பொருத்தமோ, எடையை மட்டும் கூறி இக்கருவியை விற்பதும் அவ்வளவு பொருத்தமே. சந்தையில் காணப்படும் மூன்று வகைகளை இயற்பியல் நோக்கில் இங்கு மதிப்பிடுவோம்.

இக்கருவியின் தாயகம் ரஷ்யா. அங்கு இதற்குக் கீரியா என்று பெயர். பூட் என்னும் பழைய ரஷ்ய எடையளவு 16.38 கிலோகிராமுக்குச் சமம். இன்றும் 16, 24, 32 கிலோகிராம் குண்டுகள் பெருவழக்காக இருப்பதற்குக் காரணம், அவை முறையே ஒரு பூட், ஒன்றரைப் பூட், இரண்டு பூட் என்பதே. 1885இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மருத்துவர் விளாதிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி பளுதூக்கும் ஆர்வலர்களுக்கான குழுவொன்றைத் தொடங்கினார். நூறு ஆண்டுகள் கழித்து, 1985இல் லிபெத்ஸ்க் நகரில் கீரியா விளையாட்டுக்கான முதல் சோவியத் ஒன்றிய வாகையர் போட்டி நடைபெற்றது.

வடிவத்தின் இரகசியம்

டம்பெல்லைப் பிடிக்கும்போது அதன் நிறை மையம் உள்ளங்கைக்குள்ளேயே அமைகிறது. கெட்டில்பெல்லிலோ நிறை மையம் கைக்கு வெளியே, பல சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. எனவே இதனைத் தூக்குவது மட்டுமன்றி வீசவும் முடிகிறது. கையும் குண்டும் சேர்ந்து ஓர் ஊசலாகின்றன.

ஊசல் என்றதும் ஒரு சிறு கணக்கு. கை கிடைமட்டமாக நீண்டிருக்கும் நிலையிலிருந்து குண்டு கீழே விழுவதாகக் கொள்வோம். ஆரை r எனில், மிகத் தாழ்ந்த புள்ளியில் இயக்க ஆற்றல் mgr ஆகும். அதாவது mv²/r = 2mg. இதனுடன் குண்டின் எடை mg-யையும் கூட்டினால், கைப்பிடி தாங்க வேண்டிய விசை 3mg. 16 கிலோ குண்டு அந்தக் கணத்தில் ஏறத்தாழ 48 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கிறது! தோள்பட்டை அசையாத முளை அன்று. ஆதலின் இது தோராயமான கணக்கே. எனினும் ஒன்று தெளிவு: பெட்டியில் அச்சிட்ட எடையை மட்டும் தாங்கும் கைப்பிடி போதாது, வியர்வையில் வழுக்கும் கைப்பிடி ஆபத்தானது.

சிமென்ட் குண்டு

விலை குறைந்தது இது. வண்ணப் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமென்ட் கலவை நிரப்பப்பட்டிருக்கும். வார்ப்பிரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.2 கிராம், கான்கிரீட்டின் அடர்த்தி 2.4 கிராம்; மூன்றில் ஒரு பங்குதான். 16 கிலோ இரும்பை முழு உருண்டையாக்கினால் விட்டம் 16 சென்டிமீட்டர் அளவே வரும். அதே எடையைக் கான்கிரீட்டில் செய்தால் 23 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. இரு கால்களுக்கிடையே வீச வேண்டிய பொருளுக்கு இந்தப் பருமன் இடைஞ்சல்.

அதனினும் பெரிய குறை வேறு. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்குவதில் வலிமை மிக்கது. இழுவிசையைத் தாங்கும் திறனோ அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. வீசும்போது கைப்பிடியின் கழுத்தில் ஏற்படுவது இழுவிசை. ஆக, எந்தத் திசையில் வலுக் குறைவோ அந்தத் திசையிலேயே இப்பொருளைச் சோதிக்கிறோம். உள்ளே விரிசல் விட்டாலும் வெளி ஓடு அதனை மறைத்துவிடும். நான்கைந்து கிலோ எடையில், மார்போடு அணைத்துப் பிடித்து உட்கார்ந்து எழ இது போதும். வீசுவதற்கு இதனைப் பரிந்துரைக்க இயலாது.

வார்ப்பிரும்புக் குண்டு

கைப்பிடியும் குண்டும் ஒரே வார்ப்பாக அமைவது இதன் சிறப்பு. பிரிவதற்கு இணைப்பே இல்லை. ஆனால் வார்ப்பு அச்சின் இரு பாதிகள் கூடும் இடத்தில் மெல்லிய விளிம்பு எழும். அதனை அரத்தால் தேய்த்து நீக்காமல் வண்ணம் பூசி அனுப்பிவிடுகின்றனர் சிலர். உள்ளங்கைத் தோலைக் கிழிப்பது அந்த விளிம்பே.

குண்டின் முகப்பில் நிறுவனப் பெயரைப் புடைப்பெழுத்தில் வார்ப்பது மற்றொரு குறை. தலைக்கு மேல் உயர்த்தும்போது குண்டு முன்கையின் மீது படிகிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்த ஈவு. பரப்புச் சுருங்கினால் அழுத்தம் பெருகும். விளம்பரம் நிறுவனத்துக்கு, கன்றிய காயம் வாங்கியவருக்கு!

போட்டி வகை எஃகுக் குண்டு

8 கிலோவானாலும் 32 கிலோவானாலும் இதன் வெளியளவு ஒன்றே: உயரம் 280, குண்டின் விட்டம் 210, கைப்பிடியின் விட்டம் 35 மில்லிமீட்டர். எடை கூடும்போது கைப் பழக்கம் மாற வேண்டியதில்லை. 21 சென்டிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டை முழுத் திண்மமாக இருந்தால் 37 கிலோவுக்கு மேல் இருக்கும். எனவே எல்லா எடைகளிலும் உள்ளே வெற்றிடம் விடுகின்றனர். நேர்மையான தயாரிப்பில் அந்த வெற்றிடம் நடுவில் சீராக அமையும். மலிவான தயாரிப்பிலோ உள்ளே உதிரித் துகள்களைக் கொட்டி மூடிவிடுகின்றனர். வீசும்போது துகள்கள் நகர, நிறை மையமும் நகர்கிறது, மணிக்கட்டு திருகுகிறது. மேலும், இதன் கைப்பிடி ஒரு கைக்கென அமைந்தது. இரு கைகளால் வீசும் தொடக்கநிலையினருக்கு நெருக்கமாக இருக்கும். விலையும் அதிகம்.

எனது முடிவு

வீட்டில் பயிற்சியைத் தொடங்குவோருக்கு, ஒரே வார்ப்பில் அமைந்து ஒழுங்காகத் தேய்க்கப்பட்ட வார்ப்பிரும்புக் குண்டே சிறந்தது. வாங்குமுன் நான்கு சோதனைகள் செய்யுங்கள். முதலில், தராசில் நிறுத்துப் பாருங்கள். இரண்டாவதாக, சிறிது பஞ்சைக் கைப்பிடியின் அடிப்புறம் முழுவதும் தேய்த்துப் பாருங்கள். இழை சிக்கினால் நாளை உங்கள் தோலும் சிக்கும். மூன்றாவதாக, குலுக்கிப் பாருங்கள், ஓசை வரக்கூடாது. நான்காவதாக, சமதளத்தில் வைத்து ஆட்டிப் பாருங்கள், தள்ளாடக்கூடாது. பிறகு, தெரிந்த ஒருவரிடம் முறையைக் கற்றுக்கொண்டு வீசுங்கள்.

தயாரிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கைப்பிடியின் விட்டம், குண்டின் விட்டம், உள்ளிருக்கும் பொருள் ஆகிய மூன்றையும் பெட்டியின் மீது அச்சிடுங்கள். நீரேற்றும் பம்புகளுக்கு நுட்பமான வார்ப்புகளைச் செய்யும் கோவைப் பட்டறைகள் நம்மிடம் உள்ளன. இந்த எளிய குண்டைப் பழுதின்றி வார்ப்பது அவற்றுக்கு அரிய செயலன்று. வாங்குவோர் எடையோடு நிறுத்தாமல் மற்றவற்றையும் கேட்கத் தொடங்கினால், விற்போர் விடை தேடியே தீர வேண்டும்.