மெக்கெட்ரே வீட்டு அடுப்படி

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் எகிப்துப் பகுதிக்குள் நுழையும் கூட்டம் தெந்தூர் கோயிலைப் பார்க்கத்தான் ஓடும். தயவுசெய்து நீங்கள் அப்படி ஓடாதீர்கள். மெக்கெட்ரேயின் மரச் சிற்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த சிற்பம் எது என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் இவற்றைத்தான் சொல்வேன்.

மெக்கெட்ரே சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் தீப்ஸில் வாழ்ந்த பெரிய அதிகாரி, அரண்மனைக் காரியஸ்தர். செத்த பிறகும் சாப்பாட்டுக்குக் குறை வரக் கூடாதல்லவா? அதற்காக அடுப்படி, களஞ்சியம், தொழுவம், தோட்டம், படகு என்று ஒரு பண்ணையையே மரத்தில் சின்னதாகச் செதுக்கி, வண்ணம் தீட்டி, அவருடைய கல்லறையில் வைத்தார்கள். திருடர்கள் எப்போதோ கல்லறையைக் காலி செய்துவிட்டார்கள். தரைக்கடியில் ஒளிந்திருந்த ஒரு சிற்றறை மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. 1920இல் மெட்ரோபாலிட்டனின் அகழாய்வாளர் ஹெர்பர்ட் வின்லாக்கின் குழு வரைபடம் எடுப்பதற்காக அங்கே மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு வெடிப்புக்குள் பொடிக்கற்கள் சரிந்து விழுவதை வேலையாள் ஒருவர் கவனித்தார். அந்த வெடிப்புக்குப் பின்னால்தான் சிற்பங்கள் இருந்த சிற்றறை. அந்த ஆள் மட்டும் என் கையில் கிடைத்தால் மாலை போட்டிருப்பேன்!

ரொட்டி சுடும் கூடமும் பீர் காய்ச்சும் கூடமும் ஒரே கூரைக்குள் இருக்கின்றன. இதன் முன்னால் நின்றால் எனக்கு நகர மனம் வராது. இரண்டு ஆண்கள் உலக்கை பிடித்துத் தானியம் குத்துகிறார்கள். பெண்கள் கல்லின் மேல் குனிந்து மாவரைக்கிறார்கள். ஒருவர் உயரமான தொட்டிக்குள் இறங்கி ஊறலை மிதிக்கிறார். புளித்து அடங்கியதைக் குடங்களில் ஊற்றி, கறுப்புக் களிமண்ணால் வாயடைத்து வைத்திருக்கிறார்கள். வாசலை ஒட்டி, கையில் கோலோடு மேற்பார்வையாளர் உட்கார்ந்திருக்கிறார். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி சமையல் கொட்டகை எப்படி இருக்குமோ, அச்சு அசலாக அப்படியே இருக்கிறது! அந்த மாவரைக்கும் பெண்களின் முதுகைப் பாருங்கள். விரல், நகம் என்று சிற்பி நுணுக்கம் எதுவும் காட்டவில்லை. முகங்கள்கூட எளிமையானவைதான். ஆனால் உடம்பின் பாரம் முழுவதும் தோள் வழியே கைக்கு இறங்குவது அந்த முதுகின் வளைவிலேயே தெரிகிறது. மாவரைப்பதை நாள்தோறும் கிட்டத்தில் இருந்து பார்த்தவன்தான் இப்படிச் செதுக்க முடியும்.

களஞ்சியமும் அருமை. ஆறு பேர் மூட்டை சுமக்கிறார்கள். அளப்பவர்களையும் எழுதுபவர்களையும் எண்ணிப் பாருங்கள், சுமப்பவர்களைவிட அதிகம் பேர்! எந்தக் காலத்திலும் கணக்கப்பிள்ளை இல்லாமல் தானியம் வீடு வந்து சேர்ந்ததில்லை போலிருக்கிறது. தொழுவத்தில் மாட்டைக் கொழுக்க வைக்க ஒருவர் கையாலேயே தீனி ஊட்டுகிறார்.

உழைப்புக்குப் பிறகு ஓய்வு. தோட்டத்தில் ஆளே இல்லை. வண்ணத் தூண்கள் நிற்கும் தாழ்வாரமும், குளமும், அதைச் சுற்றி அத்தி மரங்களும் மட்டும். குளத்தில் நிஜத் தண்ணீர் நிற்பதற்காக உள்ளே செப்புத் தகடு பதித்திருக்கிறார்கள். அத்திக்காய் கிளையிலும் தண்டிலும் நேரடியாக ஒட்டிக்கொண்டு காய்க்குமே, அதைக்கூட விட்டுவிடவில்லை. இன்னொரு பக்கம் பயணப் படகில் மெக்கெட்ரே மலரை முகர்ந்தபடி உட்கார்ந்திருக்க, ஒரு பாடகரும் கண் தெரியாத யாழ் கலைஞரும் அவருக்காக இசைக்கிறார்கள். பாட்டுக் கேட்டுக்கொண்டே ஆற்றில் போகிற சுகத்தை மறுமைக்கும் மறக்காமல் கட்டிக்கொண்ட மனிதரை எப்படிப் பிடிக்காமல் போகும்?

கிடைத்தவற்றில் ஏறக்குறைய பாதி கெய்ரோ அருங்காட்சியகத்தின் பங்குக்குப் போயிற்று. நெசவுக்கூடம், மீன் வலையை இழுக்கும் படகுகள், மாடுகளைக் கணக்கெடுக்கும் பெரிய காட்சி எல்லாம் அங்கேதான். தச்சுப் பட்டறையில் ஒரு பெட்டி உண்டு. அதற்குள் செப்பு அலகு வைத்த குட்டி வாய்ச்சிகளும் ரம்பங்களும் உபரியாக அடுக்கியிருக்கின்றன, ஒன்று மழுங்கினால் இன்னொன்றை எடுத்துக்கொள்ள! பிரமிடு அப்புறம் இருக்கட்டும், கெய்ரோவுக்குப் போனால் முதலில் அந்தப் பெட்டியைத்தான் பார்ப்பேன்.