ஸ்பிரிங்கா, கேஸ் பிஸ்டனா?

சென்னை மெரினாவில் வெயில் தாழ்ந்ததும் பலூன் பலகைகள் நிமிர்ந்துவிடுகின்றன. கடைக்காரர் துப்பாக்கிக் குழலைத் தொடையில் ஊன்றி மடக்குவார், கட்டைவிரலால் ஒரு ஈயக் குண்டைச் செருகுவார், குழலை ‘டக்’கென்று நிமிர்த்தி வாடிக்கையாளர் கையில் கொடுப்பார். கட்டையின் வார்னிஷ் போயிருக்கும். உப்புக் காற்றில் இரும்பு கறுத்திருக்கும். ஆனாலும் விசையை இழுத்தால் பலூன் வெடிக்கும். ஒரு மாலையில் எத்தனையோ முறை மடக்கி நிமிர்த்தப்படும் அந்தத் துப்பாக்கிக்குள் இருப்பது ஒரு எஃகுச் சுருள்வில்.

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவிலிருந்து கோயில் யாத்திரையாகத் தமிழ்நாட்டுக்கு வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்கும். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதம் என்றே வரையறுக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஒன்றை வீட்டில் வைத்திருப்பது குற்றம். தேயிலைத் தோட்டத்துப் பையன்களின் கைக்குக் கவட்டை எட்டிய அளவுக்குக் காற்றுத் துப்பாக்கி எட்டியதில்லை. அதற்காக அங்கே இந்த விளையாட்டே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மலேசியாவின் நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் நின்றார். தமிழர்கள் பக்கம், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அதே போட்டியில் இந்தியாவுக்காக டோக்கியோவிலும் பாரிஸிலும் சுட்டவர். இவர்கள் கையில் இருப்பது முன்கூட்டியே அழுத்திய காற்றைச் சிறு உருளையில் நிரப்பிக்கொண்டு சுடும், உதைப்பே தெரியாத வகை. விலையும் அதற்கேற்ப மிக அதிகம். சாதாரண மனிதர் ஞாயிற்றுக்கிழமை மகிழ்ச்சிக்காக வாங்க நினைக்கும் துப்பாக்கியில் கேள்வி இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது: ஸ்பிரிங்கா, கேஸ் பிஸ்டனா?

இரண்டையும் பற்றிப் பரவலாக உள்ள ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். கேஸ் பிஸ்டன் துப்பாக்கி கேஸை வெளியே விட்டுச் சுடுவதில்லை. குப்பி மாற்றும் வேலையும் அதில் இல்லை. இரு வகையிலும் குண்டைத் தள்ளுவது சுற்றியிருக்கும் சாதாரணக் காற்றுதான். குழலை மடக்கும்போது பிஸ்டன் பின்னால் போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் முன்னால் பாய்ந்து, உருளையில் உள்ள காற்றை ஒரு நொடியின் சிறு பங்கில் நசுக்குகிறது. அந்தக் காற்று குண்டை வெளியே தள்ளுகிறது. பிஸ்டனைப் பாயவைப்பது எது என்பதில்தான் வேறுபாடு. ஒன்றில் எஃகுச் சுருள். மற்றதில் மூடி முத்திரையிட்ட குழாய்க்குள் அடைத்த வாயு, பெரும்பாலும் நைட்ரஜன். காரின் பின்கதவைத் தாங்கி நிற்கும் கேஸ் தண்டைப் பார்த்தவர்களுக்கு அதன் வேலை புரிந்துவிடும்.

சுருள்வில் வகைக்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. பர்மிங்ஹாமின் பிஎஸ்ஏ நிறுவனம் லிங்கன் ஜெஃப்ரீஸ் வடிவமைப்பில் ஏர் ரைபிள் செய்யத் தொடங்கியது 1905 வாக்கில். ஜெர்மனியின் டயானா, வைராக், ஃபைன்வெர்க்பாவ் ஆகியவை அதை நுட்பமாக்கின. கேஸ் பிஸ்டனைச் சந்தைக்குக் கொண்டுவந்த பெருமை இங்கிலாந்தின் தியோபென் நிறுவனத்துக்கு. காலம் 1980களின் தொடக்கம். பிறகு அமெரிக்காவின் கிராஸ்மன் ‘நைட்ரோ பிஸ்டன்’ என்ற பெயரிலும், ஸ்பெயினின் காமோ ‘ஐஜிடி’ என்ற பெயரிலும் மலிவு விலைத் துப்பாக்கிகளுக்குள் அதைப் புகுத்தின. இந்தியத் தயாரிப்பாளர்களும் இப்போது இரண்டு வகைகளையும் விற்கிறார்கள்.

கேஸ் பிஸ்டனுக்கு ஆதரவாகச் சொல்லப்படுபவற்றில் பல உண்மை. சுருள் விரியும்போது சற்று முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு துப்பாக்கியைப் பக்கவாட்டில் ஆட்டும். சுட்ட பிறகு ‘ட்ங்ங்’ என்று ஒரு அதிர்வொலி கன்னத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கேஸில் இந்த இரண்டும் கிடையாது. ஒரே வெட்டாக ‘தட்’ என்று முடிந்துவிடும். சுருளின் எடை இல்லாததால் துப்பாக்கி இலேசாகவும் இருக்கும். பிஸ்டனும் விரைவாகப் பாயும். மலிவான சுருள் துப்பாக்கியை மட்டுமே சுட்டுப் பழகியவர் நல்ல கேஸ் பிஸ்டன் ஒன்றைக் கையில் எடுத்தால் முதல் குண்டிலேயே வேறுபாட்டை உணர்வார்.

இவற்றுக்கும் மேலாக விளம்பரங்கள் முன்னால் வைப்பது வேறொன்று. மணிக்கணக்கில் ‘காக்’ செய்தே, அதாவது பிஸ்டனைக் கொக்கியில் மாட்டியே வைத்திருந்தாலும் கேஸ் தளராது. சுருளோ அழுந்தியே கிடந்தால் தன் வலுவில் கொஞ்சத்தை இழக்கும். இதுவும் உண்மைதான். ஆனால் குண்டு போட்ட துப்பாக்கியை மணிக்கணக்கில் தயார்நிலையில் வைத்திருக்க வேண்டிய தேவை யாருக்கு? புதரில் மறைந்திருந்து இரை வரக் காத்திருப்பவருக்கு. தாள் இலக்கில் சுடுகிறவர் மடக்குகிறார், குண்டு போடுகிறார், அடுத்த சில மூச்சுக்குள் சுட்டுவிடுகிறார். சுடும் கணம் வரை துப்பாக்கியைத் தயார் செய்யாமல் இருப்பது சுடுகளத்தின் அடிப்படை ஒழுங்குகளில் ஒன்று. கேஸ் பிஸ்டனின் புகழ்பெற்ற சாதகம் வேட்டைக்காரரின் வசதி. இந்தியாவில் காட்டுயிர்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டமும், மலேசியாவில் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் காவல் நிற்கின்றன. கொண்டைக்குருவியையும் புறாவையும் குறிவைப்பது பொழுதுபோக்கே அல்ல. அப்படியிருக்க, அந்த வசதிக்காக ஒருவர் கூடுதல் பணம் தருவதில் பொருள் இல்லை.

ஆற்றல் பற்றிய விளம்பரத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். பெட்டியின் மேல் நொடிக்கு 1,200 அடி என்று அச்சிட்டிருப்பார்கள். அது கிட்டத்தட்ட 366 மீட்டர். ஒலியின் வேகத்தைவிட அதிகம். எடை குறைந்த உலோகக் குண்டைப் போட்டு அளந்த கணக்கு அது. ஒலிவேகத்தை ஒட்டிப் பறக்கும் சிறு குண்டு தடுமாறும், குறி சிதறும். 10 மீட்டரில் தாளைத் துளைக்க 7.5 ஜூல் போதும். ஜெர்மனியில் வயது வந்தவர்கள் தனி அனுமதி இல்லாமல் வாங்கக்கூடிய காற்றுத் துப்பாக்கிக்கு அதுதான் உச்சவரம்பு. அரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட ஈயக் குண்டு நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போனால் அந்த ஆற்றல் வந்துவிடும். அந்த அளவில் மடக்குவது சுலபம், உதைப்பு குறைவு, நூறு குண்டு சுட்டாலும் தோள் வலிக்காது. சிறிய, மென்மையான சுருள் துப்பாக்கிகள் ஆட்சி செய்யும் இடம் இது. கேஸ் பிஸ்டன்கள் பெரும்பாலும் வலுவைக் காட்டவே செய்யப்படுவதால் இந்த மென்மையான வகையில் அவற்றைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

மடக்கும்போதே இரண்டின் குணமும் கைக்குத் தெரியும். சுருள் மெல்ல இணங்கத் தொடங்கி, போகப் போக இறுகும். கேஸ் முதல் அங்குலத்திலேயே பெரும் எதிர்ப்பைக் காட்டும். பத்துக் குண்டுக்கு இது பொருட்டில்லை. ஒரு மணி நேரம் தொடர்ந்து சுடும் பெண்ணுக்கோ, பெரியவர் துணையுடன் பழகும் பதினைந்து வயதுப் பையனுக்கோ இதுவே சுடுவதா, வைத்துவிட்டுப் போவதா என்பதை முடிவுசெய்துவிடும். களைத்த கை நடுங்கும். நடுங்கும் கையில் குறி நிற்காது.

இரு வகைக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் காற்று மெத்தையில் மோதி நின்றதும் துப்பாக்கி முன்னால் துள்ளும். இவ்வளவும் நடக்கும்போது குண்டு இன்னும் குழலைவிட்டுப் போயிருக்காது. அதனால் இறுக்கிப் பிடித்தவருக்கு ஒரு குறி, தளர்த்திப் பிடித்தவருக்கு இன்னொரு குறி. உள்ளங்கையில் மெத்தென்று ஏந்தி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரே அழுத்தத்தில் தாங்குகிறவருக்கே குண்டுகள் ஒரே துளையில் விழும். கேஸில் உதைப்பு குறுகியது, கூர்மையானது, இல்லாமல் போய்விடுவதில்லை. வெடித் துப்பாக்கிக்குச் செய்த தொலைநோக்கிகள் இந்த இருபக்க உலுக்கலில் உடைந்துபோவதற்கும் இதுவே காரணம். ஃபைன்வெர்க்பாவ் 300 வரிசைத் துப்பாக்கியில் பொறிப்பகுதி முழுவதும் தண்டவாளத்தில் வழுக்குவதுபோல் பின்னால் நகரும். சுடுகிறவர் கன்னத்துக்கு உதைப்பே தெரியாது. ஒரு காலத்தில் 10 மீட்டர் போட்டிகளை ஆண்டது அந்தச் சுருள் துப்பாக்கிதான்.

இனி தட்பவெப்பம். இந்தக் கோணத்தைத் துப்பாக்கி விமர்சனங்கள் அதிகம் தொடுவதில்லை. மலையும் சமவெளியும் அடுத்தடுத்து உள்ள நம் நாடுகளுக்கோ இது நேரடியான விஷயம். மூடிய குழாயில் அடைபட்ட வாயு சூடேறினால் அழுத்தம் கூடும். தானா ராத்தாவில் விடியற்காலை 15 டிகிரி; சென்னையில் மே மாத மதியம் 40 டிகிரி. இந்த 25 டிகிரி வேறுபாட்டில் அழுத்தம் ஏறத்தாழ 9 சதவீதம் மாறும். குண்டின் வேகத்தில் அது 4 சதவீதம் அளவுக்குத் தெரியலாம். 10 மீட்டரில் இதனால் பெரிய இழப்பில்லை. 30 மீட்டரில் காலையில் சரிசெய்து வைத்த குறி மதியம் சற்று நகர்ந்திருக்கும்.

சட்டத்தோடும் இது உரசுகிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 20 ஜூலைத் தாண்டாத, 4.5 மில்லிமீட்டரைத் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. வரம்பை ஒட்டி 19 ஜூலில் அமைத்த கேஸ் துப்பாக்கி ஒன்றை ஊட்டியின் குளிரில் அளந்துவிட்டு மதுரையின் கோடையில் மீண்டும் அளந்தால், கணக்குப்படி அது வரம்பைத் தாண்டிவிடக்கூடும். எஃகுச் சுருளின் வலு இந்த வெப்ப வேறுபாட்டில் மாறுவதாகச் சொல்ல முடியாது. அதில் பூசிய கிரீஸ் கடுங்குளிரில் இறுகும். கேமரன் மலைக் குளிரில் அந்தக் கவலையும் இல்லை.

உயரத்துக்கும் ஒரு விளைவு உண்டு, அது இரு வகைகளையும் தொடும். தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் சுமார் 85 சதவீதம்தான். உருளைக்குள் புகும் காற்று குறைந்தால் பிஸ்டனுக்குக் கிடைக்கும் மெத்தையும் மெலியும். அது உருளையின் முனையில் கூடுதல் வேகத்தோடு மோதும். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இது இன்னும் அதிகம். வலுவைக் கூட்டிச் செய்த கேஸ் பிஸ்டன்களில் இந்த மோதல் கடுமையாக இருக்கும்; பிஸ்டன் வாஷர் விரைவில் தேயும். மலையில் சுடுகிறவர் வலுக் குறைந்த துப்பாக்கியையும் சற்றே எடை கூடிய குண்டையும் தேர்ந்தெடுப்பது நல்லது.

பழுது என்று வரும்போது தராசு ஒரு பக்கமாகச் சாய்கிறது. சுருள் தளர்ந்தால் சொல்லிவிட்டுத்தான் தளரும்: வேகம் மெல்லக் குறையும், சத்தம் மாறும், குண்டு இலக்கில் கீழே இறங்கும். அப்படியும் துப்பாக்கி சுட்டுக்கொண்டுதான் இருக்கும். புதுச் சுருள், புது வாஷர், உரிய கிரீஸ் இருந்தால், அழுத்தத்தில் உள்ள சுருளைப் பாதுகாப்பாக விடுவிக்கும் கருவியை வைத்திருக்கும் கைப்பழக்கமுள்ள மெக்கானிக் சரிசெய்துவிடுவார். கேஸ் குழாயின் சீல் கசிந்தால் துப்பாக்கி அன்றோடு நின்றுவிடும். பெரும்பாலான குழாய்களைத் திறந்து நிரப்ப வழியில்லை என்பதால் முழுதாக மாற்ற வேண்டும். அதே மாடலின் உதிரி கிடைக்க வேண்டும். பல மாடல்கள் சில ஆண்டுகளில் சந்தையைவிட்டே போய்விடுகின்றன. தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் பெட்டியின் ‘வாழ்நாள்’ வாக்குறுதியைவிட, பக்கத்து ஊரில் பழுதுபார்ப்பவர் இருக்கிறாரா என்பதுதான் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி.

சுருளுக்கும் குறைகள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. மலிவான சுருள் துப்பாக்கிகள் பலவற்றில் சுருளின் முனை சரியாகத் தேய்க்கப்படாமல் கரகரக்கும். சுருளுக்குள் செல்லும் வழிகாட்டித் தண்டு தளர்வாக இருக்கும். தொழிற்சாலையில் அள்ளிப் பூசிய எண்ணெய் முதல் சில நாட்கள் உருளையில் தீப்பற்றிப் புகையும். இந்த நிலையில் ஒரு மலிவு கேஸ் பிஸ்டனோடு வைத்துப் பார்த்தால் கேஸே வெல்லும். பலர் கேஸ் பக்கம் மாறுவதற்குக் காரணம் சுருள் என்ற தத்துவத்தின் தோல்வி அல்ல. அதை அலட்சியமாகச் செய்து விற்றவர்களின் தோல்வி. இறுக்கமான வழிகாட்டித் தண்டும் கெட்டியான கிரீஸும் இட்டு ஒழுங்குசெய்த சுருளில் அந்த ‘ட்ங்ங்’ ஒலி ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

இதற்குச் சான்று போட்டிக் களத்திலேயே இருக்கிறது. பல்வேறு தூரங்களில் வைத்த உலோக இலக்குகளைச் சாய்க்கும் ‘ஃபீல்ட் டார்கெட்’ போட்டியில் பிஸ்டன் துப்பாக்கிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. அங்கே சுருளும் கேஸும் ஒரே பிரிவில் மோதலாம். அந்தக் களங்களில் அதிகம் தென்படுபவை ஏர் ஆர்ம்ஸ் டிஎக்ஸ்200, வைராக் எச்டபிள்யூ97 என்ற இரண்டு எஃகுச் சுருள் துப்பாக்கிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் போராடுகிறவர்கள் நாற்பது ஆண்டுகளாகக் கேஸ் பிஸ்டன் கிடைத்தும் சுருளைக் கைவிடவில்லை.

ஆகவே மகிழ்ச்சிக்காகத் தாளிலும் தகரத்திலும் சுட விரும்புகிறவருக்கு, வலுக் குறைந்த, நன்றாகச் செய்த சுருள் துப்பாக்கியே முதல் தேர்வு. கையில் இருக்கும் பணம் மலிவு வகைக்கே போதுமென்றாலோ, கனம் தூக்க முடியாதென்றாலோ கேஸ் பிஸ்டனைப் பார்க்கலாம். அப்போதும் அதிக வேகம் காட்டும் மாடலைத் தவிர்த்துவிட வேண்டும். எதை வாங்கினாலும் குண்டு போடும்போது மடக்கிய குழலை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி அணியுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள். இலக்குக்குப் பின்னால் குண்டைத் தடுக்கும் பலகை இல்லாமல் ஒரு குண்டும் சுடாதீர்கள். கேமரன் மலையில் இருக்கும் வாசகர்கள் இணையக் கடையில் பார்த்ததை வாங்கி வரவழைக்கக் கூடாது. சட்டத்தின் கண்ணில் அது குற்றமாகிவிடும். மலேசியத் துப்பாக்கி சுடும் சங்கங்களின் வழியாக, அனுமதி பெற்ற சுடுகளத்தில் பயிற்சியாளர் முன்னிலையில் சுடுவதே அங்கு பொருத்தமான வழி.