விஞ்ஞானப் புனைகதையில் வன்மையும் மென்மையும்: இரு படைப்புகளை முன்வைத்து

எங்கட ஊர் வாசிகசாலையில் ஒரு பின்னேரம் பேகம் றொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு' பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் தம்பியொருவர் எழும்பிக் கேட்டார்: "சேர், இதை விஞ்ஞானப் புனைகதை எண்டு சொல்றது சரியா? இதில விஞ்ஞானமே இல்லியே. சும்மா ஒரு கனாதானே?" பலர் தலையாட்டினார்கள். அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

தம்பியின் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய பிரிவினை இருக்கிறது. பௌதிகம், வானியல், பொறியியல் போன்றவற்றின் விதிகளை மீறாமல், கணக்குப் பார்த்து எழுதுவது வன் விஞ்ஞானப் புனைகதை. சமூகவியல், மானிடவியல், உளவியல் சார்ந்த கேள்விகளை முன்னிறுத்துவதும், கருவிகள் எப்படி இயங்குகின்றன என்று அதிகம் கவலைப்படாததும் மென் விஞ்ஞானப் புனைகதை. 'வன்' என்ற அடைமொழியை 1957 இல் அமெரிக்க விமர்சகர் ஷுய்லர் மில்லர் பயன்படுத்தினார் என்பர். 'மென்' அதற்கு எதிர்ச்சொல்லாகப் பின்னர் வந்தது. பிரிப்பதில் தவறில்லை. வன் மேலே, மென் கீழே என்று அதை ஏணியாக்குவதில்தான் கோளாறு.

வன் வகைக்கு நம்மட நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1956 முதல் 2008 இல் மரணிக்கும்வரை இங்கு வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் எழுதிய 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' (1979) நாவல்தான் அது. பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுவதே கதை. மத்திய கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஒரு பொருள், கீழிருந்து பார்ப்பவருக்கு ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும். அங்கிருந்து ஒரு வடத்தை இறக்கினால் அதில் ஏறிப்போகலாம். ஆனால் அடித்தளம் மத்திய கோட்டில் அமைய வேண்டும். இலங்கையோ அதற்கு வடக்கே கிடக்கிறது. கிளார்க் என்ன செய்தார்? தீவையே சுமார் 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, 'தப்ரபேன்' என்று பெயர் வைத்தார். நம்மவர் பாவா ஆதம் மலை என்று அழைக்கும் சிகரத்தையும் உயர்த்திக்கொண்டார். இதை மறைக்கவில்லை, முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். பௌதிக விதியை வளைக்க மனமில்லாமல் பூகோளத்தை வளைத்தவர் அவர். இதுதான் வன்மையின் ஒழுக்கம்.

ஆனால் அதே நாவலில் மலையுச்சியில் துறவிகள் இருக்கிறார்கள். இடத்தை விட மறுக்கிறார்கள். நம்பிக்கைக்கும் பொறியியலுக்கும் இடையிலான இந்த மோதல் எப்படித் தீர்கிறது? புயற்காற்றில் அடிபட்டு வண்ணத்துப்பூச்சிகள் உச்சிக்கு வந்து சேர, பழைய ஐதிகம் பலித்ததென்று துறவிகள் இறங்கிப்போகிறார்கள். வடத்தின் வலிமையை அவ்வளவு கணக்குப் பார்த்த கை, மனிதரின் பிடிவாதத்தை வண்ணத்துப்பூச்சியிடம் ஒப்படைத்துவிட்டது.

இனி றொக்கையாவைப் பார்ப்போம். 1905 இல், மதராஸிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மெகஸின்' இதழில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய கதை இது. அந்தப் பெண்ணுலகில் ஆண்கள் சுவருக்குள், பெண்கள் வெளியே. ஒரு பல்கலைக்கழகத்துப் பெண்கள் பலூன் கட்டி மேகத்திலிருந்து நீரெடுக்கிறார்கள். இன்னொன்றில் சூரிய வெப்பத்தைச் சேகரிக்கிறார்கள். அந்த வெப்பத்தில் சமையலும் நடக்கிறது. எதிரிப் படையும் விரட்டப்படுகிறது. எப்படி என்று அவர் விளக்கவில்லை. இங்கே தம்பி சொன்னது சரிதான், கருவிகள் மென்மையாகவே இருக்கின்றன.

ஆனால் கணக்கு வேறோரிடத்தில் இருக்கிறது. இரண்டு மணித்தியால வேலை எப்படிப் போதும் என்று சுல்தானா கேட்க, சாரா சகோதரி விளக்குகிறாள்: ஒரு சுருட்டு எரிய அரை மணித்தியாலம். ஓர் ஆண் நாளுக்குப் பன்னிரண்டு சுருட்டுக் குடித்தால் ஆறு மணித்தியாலம் புகையாகப் போகிறது. சிரிப்பாக இருந்தாலும் இது கணக்கு. ஆபத்தானவரைக் கட்டி வைக்காமல் ஆபத்துக்கு உள்ளாகிறவரை ஏன் அடைத்து வைக்கிறீர்கள் என்ற அவளுடைய வாதமும் தர்க்கத்தில் இறுக்கமானது. அந்தர்ப்புரத்தை ஒரு சமூக ஏற்பாடாக எடுத்து, ஒரேயொரு மாறியைத் தலைகீழாக்கி, விளைவைப் பார்க்கிறார் றொக்கையா. பரிசோதனை என்பது இதுதானே?

குறையும் உண்டு. அடைபட்ட ஆண்கள் பெரிய எதிர்ப்பில்லாமல் பழகிப்போகிறார்கள். அடைபட்ட மனிதர் யாராயிருந்தாலும் அவ்வளவு இலேசாகப் பழகுவாரா? சுவர் அப்படியே நிற்கிறது. உள்ளே இருப்பவர் மட்டும் மாறுகிறார். தன் சொந்தத் துறையிலேயே அவர் தளர்ந்த இடம் இது.

ஆகவே வன்மை என்பதைப் பாடவிதானத்தை வைத்து அளக்க முடியாது. ஒரு எழுத்தாளர் தான் வைத்த எடுகோளுக்கு எவ்வளவு தூரம் விசுவாசமாக இருந்தார், எந்த இடத்தில் தனக்குத் தானே சலுகை கொடுத்தார் என்றுதான் பார்க்க வேண்டும். கிளார்க் மனிதரிடத்தில் சலுகை எடுத்தார். றொக்கையா கருவியில் எடுத்தார், முடிவிலும் கொஞ்சம் எடுத்தார்.

இது வெறும் வகைப்படுத்தல் சண்டையில்லை. ரொக்கட் இருந்தால் விஞ்ஞானம், குசினி இருந்தால் கனா என்று பழகிவிட்டால், வீட்டுக்குள் நடக்கும் எதையும் ஆராயத் தகுந்ததென்று நம்மட பிள்ளைகள் நினைக்கமாட்டார்கள். அந்தத் தம்பியை அடுத்த முறை கண்டால் இதைத்தான் சொல்வேன்: சூரிய அடுப்பின் கணக்கை நீங்க போட்டுப் பாருங்க, தம்பி. சுருட்டுக் கணக்கை அவ ஏற்கெனவே போட்டுட்டா.